மூன்று ஊர்களும் நான் கொடுத்த வாக்கும்

கண்ணு,

போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். நீ "சொல்லுங்ம்மா" என்றதும் என் வாய் வழக்கம்போல, சாப்பிட்டாயா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று எங்கேயோ ஓடிவிட்டது. என் வாயைப் பற்றி உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகளிர் குழுவில் தீர்மானம் எழுதி எழுதிப் பழகிய கை மட்டும் கொஞ்சம் பொறுமையானது. அதனால் எழுதுகிறேன். இதை வேலை நேரத்தில் பிரிக்காதே. வேலையை முடித்து, சாப்பிட்டுவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து படி. வேலை நேரத்தில் தொந்தரவு கூடாது என்று நானா சொல்கிறேன் என்று நீ சிரிப்பாய். சிரி. சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் இந்த நாலு நாளாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்து மூன்று ஊர்களைப் பற்றிச் சொன்னாய். உன் கம்பெனிக்கு ஆபீஸ் என்று ஒன்று கிடையாது, எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்தாலும் அவர்களுக்குச் சம்மதம், கோயம்புத்தூர் அறையைக் காலி செய்துவிட்டு ஒரு வருஷமாவது வெளிநாட்டில் இருந்து பார்க்கப் போகிறேன் என்றாய். அதற்கு மேல் சொன்னதுதான் என்னைக் கட்டிப் போட்டுவிட்டது. "மூணும் பாத்துட்டேன்ம்மா. எனக்கு மூணும் சரிதான். நீங்க எந்த ஊருன்னு சொல்றீங்களோ அங்க போறேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை. ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் நான் தனியாகப் போனது கிடையாது. என்னிடம் வந்து ஒரு பெண் உலகத்தை மூன்றாக நறுக்கித் தட்டில் வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லுவானேன்.

முதலில் பினாங்கு. நம் சனம் நிறைய இருக்கிறது, கடையில் தமிழிலேயே சாமான் கேட்கலாம், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள், விமானத்தில் ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்றாய். ஒரே ஒரு குறை, உன் கம்பெனிக்காரர்கள் ஐரோப்பாவில் இருப்பதால் அவர்கள் வேலையைத் தொடங்கும்போது அங்கே சாயங்காலம் ஆகிவிடும், நீ ராத்திரி வரைக்கும் உட்கார வேண்டியிருக்கும். இரண்டாவது தாய்லாந்தில் சியாங் மாய். சுற்றிலும் மலை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கென்றே காபிக் கடைகள், வாடகையும் குறைவு, ஆனால் மாசி பங்குனியில் காட்டைக் கொளுத்துகிற புகை ஊரையே மூடிக்கொள்ளும் என்றாய். பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த உங்கப்பா, "நம்மூர்ல மட்டும் பங்குனில சாம்பிராணியா போடறாங்க?" என்று கேட்டார்.

மூன்றாவது லிஸ்பன். அதைச் சொல்லும்போது நீ போனைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடக்கவே ஆரம்பித்துவிட்டாய். தெருவெல்லாம் ஏற்றமும் இறக்கமுமாம், மஞ்சள் டிராம் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுமாம், ஊர் முடிகிற இடத்தில் கடல் மாதிரி ஆறாம். வாடகை மூன்றிலும் அங்கேதான் அதிகம், விசாவுக்குக் காகிதம் கட்டுக் கட்டாகக் கேட்கிறார்கள், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே விறைக்கும். "ஆனா எங்க டீம் வேலை செய்யற நேரமும் என் நேரமும் ஒண்ணா இருக்கும்மா. நீங்க மதியம் சாப்புடறப்ப எனக்குக் காலைல காபி" என்றாய். அப்புறம் அந்த ஊர்க்காரர்கள்தான் மிளகுக்காகக் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர்கள், மரவள்ளியும் அன்னாசியும் அவர்கள் கொண்டுவந்து விட்டதுதான் என்று ஒரு கதை சொன்னாய். உங்கப்பா கையிலிருந்த கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படீன்னா போறப்ப ஒரு கும்புடு போட்டுட்டு வா சாமி, அவங்க இல்லீன்னா நம்ம குடும்பமே இல்ல" என்றார். மூவரும் சிரித்தோம்.

நான் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டே கேள்விதான் கேட்டேன். தண்ணீர் எப்படி, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர யார் இருக்கிறார்கள். நீ என்னென்ன பார்க்கிறாய் என்று உங்கப்பா கேட்டார். நெட் வேகம், வாடகை, விசா, நேரம், பெண் பிள்ளை தனியாக நடக்க முடியுமா என்று வரிசையாகச் சொன்னாய். கடைசியாகக் கொஞ்சம் நிறுத்தி, "இன்னொண்ணும் பாக்கறேன்ப்பா. நான் வேலைல இருக்கறப்ப, சும்மாதானே இருக்கேன்னு யாரும் கதவத் தட்டாத ஊரா இருக்கோணும்" என்றாய். நான் அதற்கும் சிரித்தேன். எங்கேயோ ஹாஸ்டலில் எவளோ உன்னைத் தொந்தரவு செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான்தான் அந்த எவள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் நான் செய்த காரியத்தைக் கேள். மலையடிவாரத்தில் நம் மிளகை வாங்குகிற காரவள்ளி பாய்க்குப் போன் போட்டேன். மாசியில் காய வைத்த மிளகு இரண்டு மூட்டை இன்னும் உன் அறையிலேயே கிடக்கிறது, அதைப் பற்றிக் கேட்கத்தான் போட்டேன். பேச்சு வாக்கில் பினாங்கு என்றேன். "பினாங்குங்களா தங்கச்சி? எங்க கூடப்பொறந்தது அங்கதானே இருக்குது. நம்ம புள்ளைக்கு ரூம் எதுக்கு, மாடில எடம் சும்மாதான் கெடக்குது" என்றார். சாயங்காலத்துக்குள் அவரே திரும்பக் கூப்பிட்டார், பினாங்கில் இருக்கிற அவர் தங்கச்சி சரி என்றுவிட்டார்களாம், வாடகை என்ற பேச்சே எடுக்கக் கூடாதாம். தங்கமான மனுசர் அவர், அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் சும்மா வாங்கிக்கொள்ள எனக்கு எப்படி மனசு வரும்? "அப்படீன்னா எம்புள்ள சனி ஞாயிறு உங்க தங்கச்சி பசங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துருவாளுங்க. கடைக் கணக்கயும் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துருவாளுங்க" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. போனை வைத்ததும், ஒரே நாளில் பிள்ளைக்குக் கடல் கடந்து இடம் பிடித்துவிட்டேன் என்று உங்கப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். அவர் எழுந்து காபிச் செடி பார்க்கப் போய்விட்டார். அவர் அப்படிப் போனால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அதைத் தெரிந்துகொண்டேனே தவிர, தெரிந்து ஒருநாளும் நிறுத்தியதில்லை.

செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டம். உன் மூன்று ஊர்களையும் நான் அங்கே கடை விரித்தேன். டிராம் வண்டியெல்லாம் சொன்னேன். எல்லோரும் வாய் பிளந்து கேட்டுக் கை தட்டினார்கள். மேலக்காட்டுச் செல்லம்மாக்காளின் மருமகள் மல்லிகா மட்டும் கை தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் என்கூடவே நடந்து வந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "அக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே" என்றாள். "புள்ள இனி நல்லா இருக்கட்டும்ங்க்கா. அன்னைக்கு எங்க காட்டுல அது பட்ட பாட்ட நாந்தான் பாத்தேன்" என்றாள். என்ன பாடு என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "உங்ககிட்ட அது சொல்லவே இல்லீங்களா?" என்றாள்.

அப்புறம்தான் சொன்னாள். இதை நான் உனக்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, நீ அங்கே நின்றவள். ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு இப்போது தெரியும் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

போன வருஷம் ஆடி மழையில் நீ லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாய். "இனி இங்க இருந்தே வேலை பாக்கப்போறேன்ம்மா" என்று நீ சொன்னபோது உங்கப்பாவுக்கு நிலை கொள்ளவில்லை. மிளகு மூட்டை வைக்கிற அறையைக் காலி செய்து, சில்வர் ஓக் பலகையில் உனக்கு மேஜை அடித்தார். கீழே வைத்தால் நெட் பெட்டிக்குச் சிக்னல் வரவில்லை என்றதும், அதைக் கூடைக்குள் வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மிளகுக்கொடி படர்ந்த மரத்தின் உச்சியில் ஏறிக் கட்டிவிட்டு வந்தார். நெட் வந்தது. நீ அந்த அறையில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசுவதை அவர் வேலி ஓரம் நின்று கேட்பார். புரியாது, ஆனாலும் நின்று கேட்பார். நான் என்ன செய்தேன்? நீ வீட்டில் இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். நம் மலையில் வேலை என்றால் காட்டில் இருக்க வேண்டும், குனிய வேண்டும், வேர்க்க வேண்டும். பகலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் பெயர் சும்மா இருக்கிற ஆள். அந்தக் கண்ணோடுதான் நான் உன்னைப் பார்த்தேன். சாதிச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டுமா, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டுமா, போனுக்குக் காசு ஏற்ற வேண்டுமா, "எம்புள்ள ஊட்லதானே இருக்கறா, போங்க, செஞ்சு குடுப்பா" என்று ஊரையே உன் அறைக்கு அனுப்பினேன். நீ காதில் மாட்டியதைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் செய்து கொடுத்தாய். எனக்குப் பெருமையான பெருமை.

அப்புறம் சாமை அறுப்பு வந்தது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். இன்று அவர்கள் வீட்டு ஆள் நம் காட்டுக்கு அறுக்க வந்தால், நம் வீட்டு ஆள் ஒருத்தர் அவர்கள் காட்டுக்குப் போக வேண்டும். இதில் காசு பணம் கிடையாது, ஆளுக்கு ஆள், மாத்தாள். மாத்தாள் அனுப்பாத வீட்டை மறு வருஷம் எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மல்லிகா நம் காட்டுக்கு வந்து அறுத்துவிட்டுப் போனாள். செல்லம்மாக்காள் காட்டில் அறுப்பு வைத்த அன்றைக்கு எனக்குச் செம்மேட்டில் குழுக்களுக்கு எல்லாம் சேர்த்து மீட்டிங். "நாளைக்கு எம்புள்ள வருவாளுங்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். சோறு தின்னும்போது உன்னிடம் சொன்னேன். "அம்மா, நாளைக்கு எனக்கு முக்கியமான மீட்டிங்ம்மா. வேற எந்த நாள்னாலும் போறேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. "தெனமும்தான் அந்தப் பொட்டியப் பாத்துப் பேசிட்டிருக்கே. ஒரு நாள் பேசலீன்னா அது அழுவுதா? ஊருக்குள்ள என் தல குனியோணுமா?" என்றேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். மறுநாள் நான் நல்ல சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு செம்மேட்டுக்கு பஸ் ஏறினேன். என் மீட்டிங் மீட்டிங். உன் மீட்டிங் பொட்டியோடு பேச்சு.

நீ அரிவாளோடு மேலக்காட்டுக்குப் போயிருக்கிறாய். நேரம் வந்ததும் அரிவாளை வைத்துவிட்டு, சிக்னல் வருகிற அந்த ஒற்றைப் பாறைமேல் ஏறி நின்று போனில் பேசியிருக்கிறாய். காற்று. பேச்சு அறுந்து அறுந்து போனதாம். "கேக்குதா, கேக்குதான்னு அது இங்கிலீசுல கேட்டுட்டே இருந்துச்சுங்க்கா, எனக்கே அந்த ஒரு வார்த்தை மனப்பாடம் ஆயிருச்சு" என்றாள் மல்லிகா. இறங்கி வந்து பானைத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, பொழுது சாயும்வரை அறுத்தாயாம். கூட நின்று அறுத்த மல்லிகா கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகுதான் சொன்னாயாம், கம்பெனியில் ஒரு குழுவுக்கே உன்னைத் தலைமையாக வைக்கலாமா என்று பேச இருந்த மீட்டிங் அது என்று, அது போய்விட்டது என்று. "அம்மாகிட்டச் சொல்லிராதீங்க. வாக்குக் குடுத்துட்டாங்க, பாவம்" என்றாயாம். பாவம் என்று சொன்னாயா கண்ணு என்னை? நீ திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கார்த்திகை பிறந்ததும், "நெட்டு சரியில்லீங்ம்மா, கோயம்புத்தூர்ல ரூம் எடுத்துக்கறேன்" என்று நீ பையைக் கட்டினாய். ஊட்டுச் சோறு கசக்கிறதா என்று அதற்கும் ஒரு பாட்டம் கத்தினேன். காரவள்ளி இறங்கும்வரை வளைவுக்கு வளைவு நீ எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போயிருப்பாய். சின்ன வயதில் ஹாஸ்டலுக்குப் போகும்போதும் அப்படித்தான். அன்றைக்கு நான் கூட வரவும் இல்லை. நெட் சரியில்லை என்ற பேச்சை நான் அப்படியே நம்பினேன். நம்பினது மட்டுமா? டவர் இல்லாததால்தான் என் பிள்ளை ஊரை விட்டுப் போனாள் என்று குழுவில் தீர்மானம் எழுதி, கிராம சபையில் எழுந்து நின்று சண்டை போட்டேன். இப்போது டவர் வந்துவிட்டது. உன் மேஜை இருக்கிற அறைக்குள்ளேயே நாலு கோடும் நிற்கிறது. நீ திரும்பி வருவாய் என்று நான் மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கப்பா மட்டும் மரத்தில் ஏறி அந்தக் கூடையை இறக்கிக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எதற்கு என்னிடம் சொல்லவில்லை என்று செவ்வாய்க்கிழமை அவரோடும் சண்டைக்குப் போனேன். "சொன்னா மட்டும் கேட்டிருப்பியாக்கும்?" என்றார்.

போன வருஷத்துக் காரியம் போகட்டும், பினாங்குக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மாடியறைக்கு மாத்தாளாக உன்னைப் பேசி முடித்திருக்கிறேன். மேலக்காட்டுக்கு அனுப்பினதைப் போலவே கடல் தாண்டியும் அனுப்பப் பார்த்திருக்கிறேன். நீயும் போவாய். ராத்திரி வரை ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறு அந்தப் பசங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாய், கடைக் கணக்கு எழுதுவாய், அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு சொல் சொல்ல மாட்டாய். போனில் என்னிடம் நெட் சரியில்லை என்பாய். அதுதான் எனக்குப் பெரிய பயமாகப் போய்விட்டது.

வியாழக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் கீழே இறங்கினேன். இந்த மலையில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கப் போன முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். எனக்கும் அந்த வளைவுகளில் குமட்டும், உனக்குத் தெரியாது. உன் முன்னால் நான் காட்டிக்கொண்டதில்லை. எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டேதான் இறங்கினேன். பாய் கடை திறந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிளகு கொண்டுவரவில்லையா என்றார். "இல்லீங் பாய். ஒரு பேச்சத் திரும்ப வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேனுங்க. எம்புள்ள உங்க தங்கச்சி ஊட்டுக்கு வரமாட்டாளுங்க. அவளக் கேக்காம நான் சொல்லிட்டேனுங்க" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது, இல்லை என்று சொல்லமாட்டேன். பினாங்கில் அவர் தங்கச்சி மாடியைக் கழுவிவிட்டு ஜன்னலுக்குத் துணிகூடத் தைத்துவிட்டார்களாம். கொஞ்ச நேரம் தராசையே துடைத்தார். அப்புறம், "பரவால்லீங்க தங்கச்சி. எம்பையனயும் கேக்காம இந்தக் கடைல உக்கார வெச்சவன்தானுங்க நான். இன்னும் மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கறான்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். திரும்பி ஏறும்போது குமட்டவில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்குப் பினாங்குதான் பிடித்திருக்கிறது. பக்கம், தமிழ்ப் பேச்சு, கோயில், ஓடி வர ஆள். அதனாலேயே என் விருப்பத்தை உன் கணக்கில் சேர்க்காதே. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவர்கள் இருக்கிற ஊரில், நினைத்த நேரத்தில் உன்னைக் கூப்பிடுகிறவர்களும் அவர்கள்தான். இது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அப்படியே வாழ்ந்துவிட்டேன், எனக்கு அது வேண்டும். உனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நீதான் அளந்துகொள்ள வேண்டும். யாருமே தட்டாத கதவும் கஷ்டம்தான் கண்ணு. காய்ச்சல் வந்து படுத்தால் கஞ்சி வைக்க ஒருத்தி வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் பக்கத்து வீட்டில் ஒருத்தியின் பெயரையாவது தெரிந்து வைத்துக்கொள். அவளுக்கும் உன் வேலை நேரத்தைச் சொல்லி வை. சொல்லாமல் பொறுத்துப் பொறுத்துப் போய், ஒரு நாள் பையைக் கட்டாதே. அந்தக் குணம் உனக்கு உங்கப்பாவிடமிருந்து வந்தது, அது நல்லதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்குத் தெரிந்த விஷயம். நம் அருவி பார்க்க வருகிறவர்கள் சொர்க்கம் சொர்க்கம் என்று போட்டோ எடுத்துக்கொண்டு சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். ஐப்பசி அடைமழையில் துணி காயாமல், விறகு பற்றாமல், கரண்ட் இல்லாமல் கிடக்கிற மலையை அவர்கள் பார்த்ததில்லை. நீ போனில் பார்க்கிற ஊர்களும் அப்படித்தான் இருக்கும். சியாங் மாய்க்குப் போவதென்றால் புகை மூடுகிற மாசத்தை முதலில் கேள். லிஸ்பனுக்குப் போவதென்றால் குளிரும் மழையும் சேர்ந்து அடிக்கிற மாசத்தில் போய்க் கொஞ்ச நாள் தங்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருஷ வாடகைக்குக் கையெழுத்துப் போடு. கெட்ட நாளில் ஒத்துவருகிற ஊர் நல்ல நாளில் தானாக ஒத்துவரும். கல்யாணம் பேசும்போதும் இதைத்தான் சொல்லுவேன், ஆனால் அந்தப் பேச்சை இதில் நுழைத்தால் நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பினாங்கைப் பற்றிச் சொல்லும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் "சரிங்களாம்மா?" என்று கேட்டாய். சியாங் மாய்க்கும் கேட்டாய். லிஸ்பனைச் சொல்லும்போது ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீ அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டுமோ எடுத்துக்கொள். தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. கோயம்புத்தூரில் இருந்தபோதும் நீ எனக்குத் தூரமாகத்தான் இருந்திருக்கிறாய், அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இந்த மூன்று ஊர்களுக்கும் முன்னால் நீ ஒரு ஊரைப் பார்த்தாய். நெட் வருமா என்று மரமேறிப் பார்த்தீர்கள், மேஜை போட்டீர்கள், ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தும் பார்த்தாய். கெட்ட நாளில் வந்து பார்த்தாய். மழை உனக்கு ஒத்துவந்தது, குளிர் ஒத்துவந்தது. அந்த ஊருக்கு வாடகை கிடையாது, விசா கிடையாது. அதை உன் கணக்கிலிருந்து அடித்தவள் நான். திரும்பச் சேர்த்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அறை மட்டும் இருக்கிறது. மிளகு மூட்டையை அங்கிருந்து எடுத்துவிட்டோம்.

இன்று காலையில் செல்லம்மாக்காள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்கள். இந்த வருஷச் சாமை முற்றிவிட்டதாம். "ஏனம்மிணி, உம்புள்ள எப்ப வருவா? அடுத்த வாரம் அறுப்பு வெச்சிருக்கறேன், போன வருசமாட்டம் அவளயே அனுப்பிரு, நல்லா அறுக்கறா" என்றார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். "நான் வாரேனுங்க்கா. அவ வரமாட்டாளுங்க, அவளுக்கு வேலை இருக்குதுங்க" என்றேன். "அப்படியா, சரி சரி" என்று செல்லம்மாக்காள் திரும்பிப் போய்விட்டார்கள். கோபமில்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவ்வளவுதான் கண்ணு. போன வருஷமும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

அம்மா